சுடுகாட்டு மல்லியின் கடல் பயணம்

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் நித்தியகல்யாணியைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. காம்பவுண்டுச் சுவர் வெடிப்பில், கண்மாய்க்கரையில், தூர்ந்த கிணற்று மேட்டில், கல்லறைகளுக்கு நடுவில் என்று எங்கும் நிற்கும். ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை, சில பூவுக்கு மட்டும் நடுவில் குங்குமப் பொட்டு. சித்திரை வெயிலில் ஊரே வதங்கிக் கிடக்கும்போதும் பூத்துக்கொண்டே இருக்கும். சுடுகாட்டு மல்லி என்பார்கள், பட்டிப்பூ என்பார்கள். மூட்டைக் கணக்கில் வாங்கும் வியாபாரி ‘வின்கா’ என்பார். இத்தனை உரிமையோடு உட்கார்ந்திருப்பதால் ஆதியிலிருந்தே இங்கே இருந்த செடி என்றுதான் தோன்றும். இந்த மண்ணில் அப்படித் தோன்றுகிறவர்கள் நிறையப் பேர். மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலிக்கருவையும் அந்தத் திசைதான். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுக்காரி. அவள் கதையில் ஒரு அரண்மனைத் தோட்டம் வருகிறது, சுண்டிவிட்ட ஒரு நாணயம் வருகிறது, செத்துப்போன எலிகளும் வருகின்றன.

கதரான்தஸ் என்பது இந்தச் செடியின் பேரினப் பெயர். அதில் மொத்தம் எட்டு இனங்கள். ஏழு மடகாஸ்கரில் மட்டுமே பிறந்தவை. எட்டாவது எங்கே இருக்கிறது என்று தேடினால் நம் வயல் வரப்பில் இருக்கிறது! சின்ன வெள்ளைப் பூவோடு, மிளகாய்ச் செடியின் சாயலில் வளரும் மிளகாய்ப்பூண்டுதான் அது. இந்தியாவும் இலங்கையும் அதற்குப் பூர்வீகம். ஆக, மடகாஸ்கர் விருந்தாளி இங்கே வந்து இறங்குவதற்கு முன்பே ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இங்கே குடியிருந்திருக்கிறாள். அவளை யாரும் தொட்டியில் வைத்து வளர்க்கவில்லை. களையென்று பிடுங்கிப் போட்டார்கள். அழகாயிருந்தால்தான் கப்பலில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது.

அந்த அழகை முதலில் ஏட்டில் ஏற்றிய ஐரோப்பியர் எத்தியேன் த ஃப்ளாக்கூர். மடகாஸ்கரின் தென்கிழக்கு மூலையில் பிரெஞ்சுக்காரர்கள் ஃபோர்ட் டாஃபின் என்றொரு கோட்டை கட்டியிருந்தார்கள். 1648 முதல் 1655 வரை அதற்கு அவர்தான் ஆளுநர். ஊரிலிருந்து கப்பல் வராது, சம்பளம் வராது, பக்கத்து மக்களோடு ஓயாத சண்டை. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் மனிதர் தீவின் செடிகொடிகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். 1658-ல் வெளியான அவருடைய மடகாஸ்கர் வரலாற்றில் இந்தச் செடி இருக்கிறது. அந்தக் கோட்டையின் பெயரை நினைவில் வையுங்கள். கதை திரும்ப அங்கே போக வேண்டியிருக்கிறது.

அடுத்த நூறாண்டு செடியைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. பிறகு யாரோ விதையை பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெர்சாய் அரண்மனையின் த்ரியானோன் தோட்டத்தில், பதினைந்தாம் லூயி மன்னருக்காகத் தோட்டக்காரர் க்ளோத் ரிஷார் அதை முளைக்க வைத்தார். அங்கிருந்து ஒரு பிடி விதை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்துக்குப் போனது. அங்கே பிலிப் மில்லர் ராஜாங்கம். தன் காலத்தின் பெரிய தோட்டக்காரர். உலகத்தின் எந்த மூலையிலிருந்து விதை வந்தாலும் வாங்கி விதைத்துவிடுவார். 1757-ல் அவர் இந்தப் பூவின் படத்தை வெளியிட்டார். அப்போது பிரிட்டனும் பிரான்சும் ஏழாண்டுப் போரில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த நேரம். தோட்டக்காரர்களுக்குள் விதைப் பொட்டலம் கைமாறும் வழக்கம் மட்டும் போர் வந்தும் அடியோடு நின்றுவிடவில்லை.

லண்டன் குளிரை இந்தச் செடி தாங்காது. கண்ணாடி வீட்டுக்குள், புளிக்க வைத்த மரப்பட்டைத் தூளில் தொட்டியைப் புதைத்துத்தான் காப்பாற்றினார்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டதுபோல அங்கே ஓக் மரப்பட்டையில் பதனிடுவார்கள். சாறு போன சக்கையைக் குழியில் கொட்டினால் மாதக்கணக்கில் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பணக்காரர் வீட்டு விருந்தாளியாக நித்தியகல்யாணி பூத்தது. இதையே நம்மூர்ப் பாட்டியிடம் சொன்னால் சிரித்துவிடுவார். சுடுகாட்டு மல்லிக்கு யாராவது கணப்புப் போடுவார்களா?

1759-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் தன் பெரிய பட்டியலில் இதை ‘வின்கா ரோசியா’ என்று சேர்த்தார். வின்கா என்பது ஐரோப்பாவில் தரையோடு படரும் வேறொரு செடியின் பேரினம். பூவின் முகச்சாயலை வைத்து உறவு கட்டிவிட்டார். அதே பட்டியலில்தான் இன்று நர்சரிகளில் லாகர்ஸ்ட்ரோமியா என்று விற்கிறார்களே, காகிதச் சுருக்கம் போட்ட இதழோடு கொத்தாகப் பூக்கும் அந்தப் புதர்ச்செடி, அதற்கும் பெயர் வைத்தார். பிறந்தது சீனத்தில், அவர் கொடுத்த பட்டம் ‘இண்டிகா’. ஒரே ஆண்டு, ஒரே நூல், இரண்டு அழகுச் செடிகள், இரண்டுக்கும் தப்பான விலாசம். 1830-களில் ஜார்ஜ் டான் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மடகாஸ்கர் செடியை வின்காவிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். தாவரவியல் திருந்திவிட்டது. வியாபாரம் திருந்தவில்லை, அருப்புக்கோட்டை பக்கம் மூட்டை வாங்குகிறவர் வாயிலும் விதை நிறுவனத்தின் பாக்கெட்டிலும் லின்னேயஸின் பழைய பிழைதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடி வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு செடி பரவிய வேகத்துக்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. ஒல்லியான இரட்டைக் காய், உள்ளே எள்ளைவிடச் சிறிய கறுப்பு விதைகள். ஒரு தீப்பெட்டிக்குள் ஒரு தோட்டத்துக்கே ஆகும் விதை அடங்கும். மாலுமி, பாதிரியார், தோட்டத்துரை, துரையின் மனைவி என்று யார் சட்டைப் பையிலும் போகலாம். கரீபியத் தீவுகள், தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, இந்தியா எல்லா இடத்திலும் வெப்பமண்டலத் தோட்டங்களில் நுழைந்து, பிறகு வேலி தாண்டி வெளியே போனது. இலை கடும் கசப்பு, பாலில் நஞ்சு. ஆடு மாடு வாய் வைக்காது. வெள்ளாடு கடிக்காத செடி நம் மானாவாரிக் காட்டில் எத்தனை உண்டு? கல்லறைத் தோட்டத்தை அது பிடித்துக்கொண்டதன் ரகசியம் இவ்வளவுதான். அங்கே களையெடுக்க ஆள் வருவதில்லை, ஆடு வந்தாலும் இதைத் தொடுவதில்லை.

செடியோடு கூடவே ஒரு வதந்தியும் கப்பல் ஏறியது. இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் அடங்கும் என்ற பேச்சு ஜமைக்காவில் இருந்தது, தென்னாப்பிரிக்காவில் இருந்தது, பிலிப்பைன்ஸில் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்கள் எல்லாரும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்கள். 1920-களில் இங்கிலாந்தில் ‘வின்குலின்’ என்ற பெயரில் இதிலிருந்து செய்த சர்க்கரை மருந்தே கடைக்கு வந்துவிட்டது. இன்சுலின் அப்போதுதான் உலகப் புகழ் பெற்றிருந்தது. பெயரின் ஓசையைக் கேட்டாலே யாருடைய நிழலில் நின்று விற்றார்கள் என்பது புரியும்.

இன்சுலின் என்றதும் அந்த நாணயத்துக்கு வர வேண்டும். 1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பேண்டிங் என்ற மருத்துவருக்கு உதவி செய்ய இரண்டு மாணவர்கள் தயாராக இருந்தார்கள்: சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதலில் போவது? நாணயத்தைச் சுண்டினார்கள். பெஸ்ட் ஜெயித்தார், வேலை நடுவில் ஆளை மாற்ற வேண்டாம் என்று அவரே தொடர்ந்தார். பேண்டிங், பெஸ்ட் என்ற இரட்டைப் பெயர் பாடப்புத்தகம் ஏறியது. நோபிள் மருத்துவராகி ஒதுங்கினார்.

முப்பது ஆண்டு கழித்து, 1952-ல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவின் பிளாக் ரிவர் ஊரிலிருந்து ஒரு மருத்துவர் உறை ஒன்றை அனுப்பினார். உள்ளே 25 நித்தியகல்யாணி இலைகள். இங்கே சர்க்கரை நோய்க்கு இதைத்தான் கஷாயம் வைக்கிறார்கள், சோதித்துப் பாருங்களேன் என்ற வேண்டுகோள். கிளார்க் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். உறையை மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார். நாணயத்தில் தோற்ற வீட்டுக்கே இலை தேடி வந்தது என்று சொன்னால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். ரத்தச் சர்க்கரை ஒரு புள்ளிகூட அசையவில்லை. ஊசி வழியாக ஏற்றினார். எலிகள் சில நாளில் சாக ஆரம்பித்தன. சாதாரணமாக எலியை ஒன்றும் செய்யாத கிருமிகள் உடம்பெங்கும் சீழ்க் கட்டிகளை எழுப்பியிருந்தன. வேறு ஆய்வாளராக இருந்தால் ‘மருந்து பலிக்கவில்லை, விஷம்’ என்று எழுதி மூடியிருப்பார். இவர் ரத்தத்தைப் பார்த்தார். வெள்ளையணுக்கள் அநேகமாக இல்லை; அவற்றைப் பெற்றெடுக்கும் எலும்பு மஜ்ஜை முடங்கிப்போயிருந்தது. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அங்கிருந்து ஆராய்ச்சி திசை மாறியது. 1954-ல் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். இலையை வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் வின்பிளாஸ்டின் என்ற பொருளைத் தனியே எடுத்தார். 1958-ல் நியூயார்க்கில் அவர்கள் முடிவை வெளியிட்டபோது கட்டுரைத் தலைப்பிலேயே ‘தற்செயல் கவனிப்பு’ என்று போட்டுக்கொண்டார்கள். விஞ்ஞானிகள் இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொள்வது அபூர்வம்.

இதற்குச் சமகாலத்தில் நம் பக்கம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். உறை வந்த 1952-ல்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். பீர் வேலைக்குச் சேர்ந்த 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அந்தக் கனவு திறக்கப்பட்டது. அன்று அந்த மருத்துவமனையிடம் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து என்று நிற்கக்கூடியது மிகக் குறைவு. அந்தச் செடியோ தமிழ்நாட்டுத் தெருவோரத்தில் பூத்துக்கொண்டிருந்தது.

கனடாவில் இது நடக்கும்போதே அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் எலி லில்லி நிறுவனமும் இதே செடியைப் பிடித்திருந்தது. அங்கே கார்டன் ஸ்வோபோடா என்பவர் நாட்டு வைத்தியச் செடிகளின் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் புற்றுநோய் எலிகளிடம் சோதித்து வந்தார். சர்க்கரை வதந்தியால்தான் இதுவும் அந்தப் பட்டியலில் ஏறியது. யார் முதல் என்ற தகராறை விட்டுவிடலாம். இரண்டு தரப்பும் கைகோத்தன. லில்லி ஆய்வகம் அதே இலையிலிருந்து இன்னொரு பொருளையும் எடுத்தது: வின்கிரிஸ்டின். 1963-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கம் இழுக்க நுண்ணிய குழல்கள் உருவாகும். அந்தக் குழல்களைக் கட்டவிடாமல் இந்தப் பொருள் தடுக்கிறது. பிரிய முடியாத செல் செத்துப்போகிறது. வேகமாகப் பிரியும் செல்தான் முதலில் மாட்டும் என்பதால் புற்றுநோய்க்கு அடி பலம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ‘வாம்ப்’ என்ற சிகிச்சையில் வின்கிரிஸ்டினும் ஒன்று. அன்று பெரும்பாலான குழந்தைகளைக் கொன்ற அதே நோயில், இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். முழுப் பெருமையும் ஒரு செடிக்குச் சேராது. ஆனால் அது இல்லாத மருந்துச் சீட்டும் கிடையாது. (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைக் கொதிக்க வைக்க வேண்டாம். எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும்.)

இப்போது மருந்துக்கு இலை வேண்டும். எவ்வளவு? செடியில் 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேண்டியது மட்டும் மருந்துக்குக்கூட இல்லாத அளவு. 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறக்குறைய அரை டன் காய்ந்த இலை தேவை. மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்கு 2 டன் காய்ந்த இலை கிடைக்கும் என்பது வேளாண் நூல்கள் தரும் கணக்கு. ஏக்கருக்கு 800 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு ஏக்கர் செவல் காடு ஒரு வருஷம் உழைத்தால் ஒன்றரை கிராம் மருந்து. அற்பமாகத் தெரிகிறதா? ஒரு ஆளுக்கு ஒரு தடவை ஏற்றும் உச்ச அளவு 2 மில்லிகிராம்தான். அந்த ஒன்றரை கிராமில் 750 ஊசி இருக்கிறது.

இப்படித்தான் அழகுச்செடி பயிராக மாறி விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலி மானாவாரிக் காடுகளுக்குள் வந்தது. வழி ஏற்கெனவே போட்டிருந்தது. ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகச் சந்தை அழைக்கும் நிலவாகை இலை தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்தது. இலையைக் காயவைக்க, தரம் பிரிக்க, மூட்டை கட்ட, கப்பலேற்றத் தெரிந்த வியாபாரிகள் இருந்தார்கள். அவர்கள் வரிசையில் இன்னொரு இலை சேர்ந்தது, அவ்வளவுதான். இலை அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் போனது. வேர் ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளுக்குப் போனது. அதில் ரத்தக்கொதிப்புக்கும் ரத்த ஓட்டத்துக்குமான அஜ்மலிசின் இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் ‘நிர்மல்’, ‘தவல்’ என்று வெள்ளைப்பூ ரகங்களையும் வெளியிட்டது.

விவசாயம் எளிமையானது. ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ விதை போதும். கையில் அள்ளினால் காற்றில் பறக்கிற பொடி விதை என்பதால் பத்து மடங்கு மணலில் கலந்து தூவுவார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலை உருவுவார்கள். வருஷம் திரும்பும்போது தண்டை அறுத்து, கடைசியில் உழுது வேரைப் பொறுக்குவார்கள். இலை, தண்டு, வேர் மூன்றுக்கும் தனித்தனி விலை. குப்பையென்று எதுவும் மிஞ்சாது. காவல் வேண்டாம், பூச்சிமருந்து பெரிதாக வேண்டாம். நோஞ்சான் நிலத்துக்கு ஏற்ற பயிர் என்று புகழ்வார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் ஒரு சங்கடம் உண்டு. வேறு எதுவும் விளையாத நிலத்தில் விளையும் பயிருக்கு, விற்பவர் விலை சொல்ல முடியாது.

அதற்கு மடகாஸ்கரே சாட்சி. செடி பிறந்த அந்தத் தீவிலும் இதைத் தோண்டி ஏற்றுமதி செய்தது தெற்கின் வறண்ட முள்காட்டுப் பகுதியில், பஞ்சம் அடிக்கடி வந்துபோகும் ஊர்களில். மூட்டை கப்பலேறிய துறைமுகம் ஃபோர்ட் டாஃபின். ஃப்ளாக்கூர் குறிப்பெடுத்த அதே கோட்டை ஊர்! மூன்று நூற்றாண்டு கழித்து, அழகுக்காகப் போன செடி காய்ந்த வேராக அதே கரையிலிருந்து கிளம்பியது. மருந்து விற்ற லாபத்தில் மடகாஸ்கருக்கு ராயல்டி கிடைக்கவில்லை என்பது உயிரி வளத் திருட்டு பற்றிய எல்லா மேடைகளிலும் முதல் உதாரணமாகச் சொல்லப்படும். 1992 ரியோ மாநாட்டு உடன்படிக்கையில் தாவர வளம் அந்தந்த நாட்டின் உரிமை என்று எழுதினார்கள். இந்தியா 2002-ல் சட்டம் இயற்றி, அதற்கான தேசிய ஆணையத்தைச் சென்னையில் வைத்தது. நியாயம் என்று பார்த்தால் பங்கு கேட்டு வரிசையில் நிற்பவர்கள் பலர்: மடகாஸ்கர் செடி தந்தது, ஜமைக்கா வதந்தி தந்தது, கனடா எலி தந்தது. சட்டம் முளைப்பதற்கு இருநூறு ஆண்டு முன்பே விதை உலகெங்கும் சிந்திவிட்டது.

மருந்தாகிவிட்டதால் பூந்தோட்டக்காரர்கள் இதைக் கைவிட்டுவிடவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பார்க்கர் என்பவர் புதுநிறக் கலப்புகளை உருவாக்கினார். 1991-ல் அவற்றில் மூன்று ரகங்கள் அங்கே தேசிய அளவில் பரிசு வாங்கின. பிறகு விதை நிறுவனங்கள் போட்டி போட்டன. சிவப்பு, ஊதா, ஏறத்தாழக் கறுப்பு, கண்ணுக்கு மட்டும் வேறு நிறம் என்று வகைவகையாக வந்தன. அந்த வின்கா இப்போது மதுரை, விருதுநகர் நர்சரிகளில் தொட்டியோடு காசுக்குக் கிடைக்கிறது. சுடுகாட்டு மல்லியை வீட்டு வாசலில் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லும் வீட்டிலேயே மாடியில் வரிசையாக அதே செடி. ஆங்கிலப் பெயர் போட்ட சிட்டை ஒட்டியிருந்தால் தோஷம் போய்விடும் போல.

ஆய்வகங்களும் தங்கள் பங்குக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கின்றன. 1970-களில் பிரான்சின் பியேர் போத்தியே செடியில் தாராளமாகக் கிடைக்கும் இரண்டு எளிய பொருள்களை இணைத்து அரிய பொருளைக் கட்டும் வழி கண்டார். நுரையீரல் புற்றுநோய்க்கான வினோரெல்பின் அந்த வழியில் வந்தது. 2019-ல் ஒரு நிறுவனம் வின்கிரிஸ்டின் தயாரிப்பை நிறுத்த, அமெரிக்க மருத்துவமனைகளே தட்டுப்பாட்டில் தவித்தன. 2022-ல் டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் உள்ள குழுவினர் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, போத்தியே இணைத்த அந்த இரண்டு பொருள்களையும் தொட்டியில் காய்ச்சிக் காட்டினார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறவில்லை. ஆனால் தேறும் நாள் வரலாம். தமிழ்நாட்டு உழவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள். 1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கிய பிறகு, தென்னாற்காட்டு அவுரி வயல்களும் சாயத்தொட்டிகளும் வேகமாகச் சுருங்கிப்போயின. ஈஸ்ட் அந்த உயரத்துக்கு எப்போது பொங்குமோ. இந்த ஆண்டு திருச்சுழி பக்கம் வின்கா விதைத்தவருக்கு அதைவிட அவசரக் கவலை ஒன்று உண்டு: ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்ய வேண்டும். நின்று அடித்து, வயலில் தண்ணீர் இரண்டு நாள் தங்கினால் வேர் அழுகிவிடும். வேருக்குத்தான் விலை கூட.